பேரப்பிள்ளைகள் மூன்று பேர், கையில் 15,000 ரூபாய்: எந்தக் கார் சீட் வாங்கலாம்?

ஐயா, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் இருக்கிறீர்கள், பென்ஷன்தான் வருமானம், 2016இல் வாங்கிய ஹேட்ச்பேக் கார். உங்களோடு இருக்கும் மகளுக்கு 8 மாதப் பெண் குழந்தை, எடை 8 கிலோ. பெங்களூரில் இருக்கும் மகனுக்கு மூன்றரை வயதில் பையன், ஏழு வயதில் பெண். அவர்கள் லீவுக்கு ரயிலில் வருவார்கள்; வந்துவிட்டால் கல்லணை, தஞ்சாவூர், குலதெய்வம் கோயில் எல்லாம் உங்கள் காரில்தான். 'பிறந்ததிலிருந்து 12 வயது வரை' என்று ஆன்லைனில் விற்கும் ஒரே கார் சீட்டை, அதாவது காரில் பிள்ளையைப் பாதுகாப்பாகக் கட்டி உட்கார வைக்கும் தனி இருக்கையை வாங்கி, யார் வருகிறார்களோ அவர்களுக்கு மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். அமெரிக்காவிலிருக்கும் மைத்துனர் மகன் தன் பிள்ளையின் பழைய சீட்டைக் கொண்டுவருகிறேன் என்கிறாராம், அதை வாங்கிக்கொள்ளலாமா என்பது அடுத்தது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: காசு அளவாகத்தான் இருக்கிறது, அதை எதில் போட்டால் பிள்ளைகளுக்கு உண்மையில் உதவும்?

நான் சென்னைக்குப் பக்கத்தில் சீட் பெல்ட் பாகங்கள் செய்யும் ஆலையில் பல வருடம் வேலை பார்த்தவன். பெல்ட், பக்கிள், சீட்டைக் காரில் கட்டும் விதம், இவை என் தொழில். நான் டாக்டர் இல்லை. குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, மூச்சுத் தொந்தரவு இருந்தாலோ, எந்தச் சாய்வில் உட்கார வைக்கலாம் என்பதைக் குழந்தை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

முடிவை முதலில் சொல்கிறேன். ஒரே சீட் மூன்று பேருக்கும் ஆகாது. பெரும்பகுதிப் பணத்தை 8 மாதக் குழந்தைக்குச் செலவழியுங்கள். அவள்தான் தினமும் உங்கள் காரில் போகிறவள், அடிபட்டால் தாங்காத உடம்பும் அவளுடையதுதான். ஏழு வயதுப் பேத்திக்கு ஒரு சாதாரண பூஸ்டர், அதாவது கார் பெல்ட் சரியாகப் படும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை, போதும், இருப்பதிலேயே விலை குறைந்த பொருள் அது. நடுவில் இருக்கும் பேரன்தான் சிக்கல், அவனுக்குப் பிறகு வருகிறேன்.

மடியில் வைத்துக்கொண்டால் போதாதா என்று உங்கள் வீட்டிலும் யாராவது கேட்பார்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் மோதி நின்றால், கட்டப்படாமல் உள்ளே இருப்பவர் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தால் என்ன வேகமோ அதே வேகத்தில் முன்னால் போகிறார். அந்த வேகம் பத்தில் ஒரு நொடியில் அடங்குவதாக வைத்துக்கொண்டால், 8 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 110 கிலோவைத் தாங்கும் கை வேண்டும். நேரம் பாதியானால் சுமை இரண்டு மடங்கு. எந்தப் பாட்டியின் கையும், எந்தப் பயில்வானின் கையும் இதைத் தாங்காது. குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்வது அதைவிட மோசம். பெரியவரின் முழு எடையும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

குட்டிப் பேத்திக்கு வருவோம். அவளுடைய சீட் காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இந்த வயதில் தலை உடம்பின் நீளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. கழுத்து எலும்புகள் இன்னும் முழுதாக எலும்பாகவில்லை, இடையில் குருத்தெலும்புதான். முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தால் வார் தோளைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே பாயும், இழுப்பு முழுவதும் கழுத்தில் விழும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகுப் பகுதி சேர்த்துத் தாங்கிவிடும். ஸ்வீடனில் 1960களிலேயே பெர்டில் ஆல்ட்மன் என்பவர், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகைக் கொடுத்துப் படுத்துப் போவதைப் பார்த்து, குழந்தை சீட்டை இப்படித் திருப்பி வைத்தார். அங்கே நாலு வயது வரைகூடப் பின்னோக்கியே உட்கார வைப்பது வழக்கம். கால் மடங்குகிறதே என்று தாத்தா பாட்டிகள் கவலைப்படுவார்கள். பிள்ளைகள் சம்மணம் போட்டுக்கொண்டு சுகமாக உட்கார்ந்துவிடுவார்கள்.

எத்தனை வயது வரை பின்னோக்கி என்பதில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஒரு வயதுக்கு முன்னால் திருப்பவே கூடாது என்பது உறுதி. ஐரோப்பாவில் பின்பற்றும் ஐ.நா.வின் புதிய குழந்தை சீட் விதியான ஆர் 129 குறைந்தது 15 மாதம் என்கிறது. இரண்டு வயது வரை பின்னோக்கி இருந்தால் ஐந்து மடங்கு பாதுகாப்பு என்று இணையத்தில் அடிக்கடி படிப்பீர்கள். 2007இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்விலிருந்து வந்த எண் அது. கணக்கில் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டு அந்த ஆய்வைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 2018இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் தன் பரிந்துரையிலிருந்து 'இரண்டு வயது' என்ற எல்லையை எடுத்துவிட்டு, சீட் அனுமதிக்கும் எடையும் உயரமும் தாண்டும்வரை பின்னோக்கியே வையுங்கள் என்று மாற்றியது. எண் போனாலும் கழுத்தைப் பற்றிய காரணம் போகவில்லை. ஆகவே நானும் அதையே சொல்கிறேன். இந்தியாவில் கிடைக்கும் 0 முதல் 18 கிலோ வரையிலான சீட்டுகளில் பெரும்பாலானவை 13 கிலோ வரை பின்னோக்கி வைக்க அனுமதிக்கும். நம் பிள்ளைகளில் பலர் இரண்டரை வயதுக்கு மேல்தான் 13 கிலோவைத் தொடுகிறார்கள், அதனால் வாங்கும் சீட் நன்றாகவே உழைக்கும்.

இப்போது அந்த '12 வயது வரை' சீட். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், ஒழுங்காகச் சோதிக்கப்பட்டவையும் இருக்கின்றன. ஆனால் சின்னக் குழந்தைக்கு வேண்டிய சாய்வும் பெரிய பிள்ளைக்கு வேண்டிய தோள் உயரமும் ஒரே பொருளில் சரியாக அமைவது கடினம். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இரண்டுமே அரைகுறை. தயாரிப்பாளர்கள் பொதுவாக ஒரு சீட்டுக்கு 6 முதல் 10 வருடம்தான் ஆயுள் கொடுக்கிறார்கள், அதனால் 12 வருடம் என்ற கணக்கே உதைக்கிறது. தவிர, மூன்று பிள்ளைகளும் ஒன்றாக வரும் நாளில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

எதை வாங்கினாலும் முதலில் லேபிளைப் பாருங்கள். சீட்டின் முதுகிலோ பக்கவாட்டிலோ ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் ஐ.நா. விதிப்படி ஒப்புதல் பெற்றது. கீழே உள்ள ஒப்புதல் எண் 04 என்று தொடங்கினால், ஐ.நா.வின் பழைய குழந்தை சீட் விதியான ஆர் 44இன் நான்காம் திருத்தம். நம் நாட்டின் ஏஐஎஸ் 072 தரமும் அந்த ஆர் 44ஐ ஒட்டி எழுதியதுதான். ஆர் 129 இன்னும் ஒரு படி மேல், அதில் பக்கவாட்டு மோதல் சோதனையும் உண்டு, ஆர் 44இல் அது இல்லை. ஐரோப்பாவில் 2024 செப்டம்பரிலிருந்து ஆர் 44 சீட்டுகளைப் புதிதாக விற்பதில்லை. அதற்காக ஆர் 44 சீட் ஆபத்தானது என்று அர்த்தமில்லை. உங்கள் பட்ஜெட்டில் பெரும்பாலும் அதுதான் கிடைக்கும், தயங்காமல் வாங்கலாம். லேபிளே இல்லாதது, அல்லது விளம்பரத்தில் 'ஐரோப்பியத் தரம்' என்று மட்டும் போட்டு எண்ணைக் காட்டாதது, வேண்டாம். கார் சீட்டின் மேல் கட்டிவிடுகிற துணி வார், குஷன் போன்றவை சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். அவற்றைத் தொடவே தொடாதீர்கள், ஒன்றும் இல்லாததற்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

பிராண்டு பெயர் கேட்டிருந்தீர்கள், சொல்லவில்லை. 8,000 ரூபாய் சீட்டும் 30,000 ரூபாய் சீட்டும் ஒரே விதியின் கீழ் ஒப்புதல் பெற்றிருந்தால் அடிப்படைச் சோதனை ஒன்றுதான். விலை உயர்ந்ததில் துணி மெத்தென்று இருக்கும், கழற்றித் துவைக்க எளிது, சுழலும் வசதி இருக்கும், சிலவற்றில் பக்கவாட்டுப் பாதுகாப்பும் கூடுதல். அந்தக் கூடுதல் விலைக்கு எவ்வளவு கூடுதல் பாதுகாப்பு என்று யாராலும் ரூபாய்க் கணக்கில் சொல்ல முடியாது. தளர்வாகக் கட்டிய விலை உயர்ந்த சீட்டைவிட இறுக்கமாகக் கட்டிய மலிவான சீட் மேல் என்பதை என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

பேரன் விஷயம். மூன்றரை வயது, 14 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குப் பூஸ்டர் இன்னும் சீக்கிரம். ஐந்து முனை வார் (இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவில் ஒன்று) உள்ள சீட் வேண்டும். பெங்களூரிலிருந்து ரயிலில் தூக்கிவர முடியாத கனம் அது. அதனால் 9 முதல் 36 கிலோ வரையிலான சீட் ஒன்றைத் திருச்சியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 18 கிலோ வரை அதன் வாரைப் போடலாம், பிறகு வாரைக் கழற்றிவிட்டுக் கார் பெல்ட்டோடு பூஸ்டராக உபயோகிக்கலாம். இன்னும் இரண்டு வருடத்தில் குட்டிப் பேத்தி பின்னோக்கிய சீட்டைத் தாண்டியதும் அவளுக்கும் இது உதவும். இதையும் சேர்த்தால் 15,000 கொஞ்சம் தாண்டும். குழந்தைக்கான சீட் 7,000 முதல் 9,000, இது 6,000 முதல் 8,000, பூஸ்டர் 2,000 முதல் 3,000 என்று சுமாராக வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி நாட்களில் இன்னும் குறையும். உங்கள் மகனிடம் பேரன் சீட்டுக்கான பணத்தைக் கேட்பதில் தப்பே இல்லை. பிள்ளை அவருடையதுதானே.

ஏழு வயதுப் பேத்திக்கு ஏன் பூஸ்டர், கார் பெல்ட்டே போதாதா? கார் பெல்ட் பெரியவர் உடம்புக்கு அளவெடுத்தது. சிறு பிள்ளைகளின் இடுப்பெலும்பு முன்பக்கம் இன்னும் சரியாக வளர்ந்திருக்காது, பெல்ட் அதில் தங்காமல் வயிற்றின் மேல் ஏறிவிடும். மோதும்போது குடல், மண்ணீரல், முதுகெலும்பின் கீழ்ப்பகுதி மூன்றுக்கும் சேதம். பூஸ்டர் செய்வதெல்லாம் பிள்ளையைச் சற்று உயர்த்தி, பெல்ட்டைத் தொடையிலும் தோளின் நடுவிலும் படுமாறு அமைப்பதுதான். முதுகுப் பலகையோடு இருப்பதாக வாங்குங்கள். தூங்கி வழியும்போது தலை பக்கவாட்டில் சாயாது. முதுகில்லாத வெறும் பூஸ்டரை 22 கிலோவும் 125 சென்டிமீட்டரும் தாண்டியவர்களுக்கு மட்டும்தான் பிரிட்டனில் இப்போது புதிதாக ஒப்புகிறார்கள். எப்போது பூஸ்டரை நிறுத்தலாம் என்பதற்கு வயதைப் பார்க்க வேண்டாம். முதுகு பின்னால் ஒட்டி, முழங்கால் சீட்டின் விளிம்பில் மடிந்து, பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளில் கிடந்து, பயணம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருக்க முடிந்தால் போதும். பெரும்பாலும் 145 சென்டிமீட்டர் உயரம் வரும்போதுதான் இது நடக்கும், சிலருக்கு 10 வயதில், சிலருக்கு 12இல்.

உங்கள் காரில் பின் சீட்டின் நடுவில் இடுப்புப் பெல்ட் மட்டும்தான் இருக்க வாய்ப்பு அதிகம். தோள் பெல்ட் இல்லாத இடத்தில் பூஸ்டர் போடவே கூடாது. பின்னால் இரண்டு சீட் வைத்தபிறகு நடுவில் மூன்றாவதுக்கு அகலமும் இருக்காது. அப்படியானால் மூன்று பேரும் ஒன்றாகப் போகும்போது ஏழு வயதுப் பேத்தி முன்சீட்டில், சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளி, பூஸ்டரில். இருக்கிற வழிகளில் இதுதான் மோசம் குறைந்தது. பின்னோக்கிய குழந்தை சீட்டை மட்டும் ஏர்பேக் உள்ள முன்சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். பை விரியும் வேகத்தில் அது சீட்டின் முதுகோடு குழந்தையின் தலையை அடிக்கும், உயிரே போகும். 2016 வண்டியில் அந்தப் பக்கம் ஏர்பேக் இல்லாமலும் இருக்கலாம், மேனுவலைப் பாருங்கள். இந்த ஏற்பாட்டில் பாட்டிக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரிகிறது. பாட்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்று எழுதினால் என் வீட்டிலேயே எனக்குச் சோறு கிடைக்காது. ஒரு கால் டாக்ஸி சேர்த்துப் பிடித்துவிடுங்கள்.

கட்டும் விதத்துக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள், இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பின்சீட்டின் முதுகும் மெத்தையும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் தடவுங்கள். 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்பட்டால் அது ஐசோஃபிக்ஸ், குழந்தை சீட்டைப் பெல்ட் இல்லாமல் நேராகக் காரோடு மாட்டும் அமைப்பு. இல்லையென்றால் கவலை வேண்டாம், பெல்ட்டால் கட்டினாலும் அதே பாதுகாப்பு கிடைக்கும். ஐசோஃபிக்ஸில் தவறு செய்ய வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். பெல்ட் என்றால் பின்னோக்கி வைக்க ஒரு வழி, முன்னோக்கி வைக்க வேறு வழி; பெரும்பாலான சீட்டுகளில் நீலக் குறி பின்னோக்கியதற்கு, சிவப்பு முன்னோக்கியதற்கு. முழங்காலைச் சீட்டில் ஊன்றி, உடம்பு எடையைப் போட்டு அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுங்கள். பிறகு பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. குழந்தையை உட்கார வைத்து வாரை இறுக்கியபின் தோளருகே இரு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்புப் பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். பின்னோக்கி இருக்கும்போது வார் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கித் திரும்பியபின் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ. குளிருக்கென்று சால்வையைச் சுற்றிவிட்டு அதன் மேல் வாரைப் போடாதீர்கள். வாரைப் போட்டுவிட்டு மேலே போர்த்துங்கள்.

அமெரிக்க சீட்டைப் பற்றி. அங்குள்ள கார்களில் 1990களின் நடுவிலிருந்து பயணிகளின் பெல்ட்டை முழுக்க இழுத்து விட்டால் அப்படியே பூட்டிக்கொள்ளும். பல அமெரிக்க சீட்டுகள் அதை நம்பியே செய்யப்படுகின்றன. நம் கார் பெல்ட்டுகள் பெரும்பாலும் திடீர் இழுப்பு வந்தால் மட்டும்தான் பூட்டும், சும்மா இருக்கும்போது தளரும். எனவே அந்த சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ் வளையம் இருந்தால் அதன் கொக்கிகள் பொருந்தும், அப்போது இந்தப் பிரச்சினை இல்லை. அடியில் அச்சடித்த காலாவதித் தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு முறையாவது விபத்தில் சிக்கிய சீட் வேண்டாம். சொந்தக்காரர் என்பதால் உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முன்பின் தெரியாதவரிடம் பழைய சீட் வாங்கக் கூடாது என்பதற்குக் காரணமும் அதுதான், உள்ளே விழுந்த விரிசல் வெளியே தெரியாது. லக்கேஜோடு போட்டு அனுப்பினால் தூக்கி எறிவார்கள், பெட்டியில் நன்றாகக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

திருச்சி வெயிலுக்கு ஒன்று. நிழலில்லாமல் நிறுத்தினால் பக்கிளின் உலோகம் தொடை சுடும் அளவுக்குக் காயும். சீட்டின் மேல் பழைய வெள்ளை வேட்டியைப் போர்த்திவிட்டுப் போங்கள், உட்கார வைக்குமுன் தொட்டுப் பாருங்கள். வெயில் பிளாஸ்டிக்கின் ஆயுளைக் குறைக்கிறது என்பது என் அனுபவ ஊகம், எவ்வளவு என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. ஆயுள் முடிய ஓரிரு வருடம் இருக்கும்போதே நான் என் வீட்டு சீட்டை மாற்றிவிட்டேன். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுங்கள். வீட்டுக்கு வந்தபிறகும் தூங்குகிறாளே என்று சீட்டிலேயே விட்டுவைக்க வேண்டாம். தலை முன்னால் கவிழ்ந்து மூச்சு அடைபடலாம்.

சட்டமும் கேட்டிருந்தீர்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். ரோட்டில் இதற்காக யாரையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

முதல் வாரம் குட்டி அழுவாள், அதற்காக அவிழ்த்து மடிக்கு எடுக்க வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, சமாதானப்படுத்தி, மறுபடி கட்டிவிட்டுக் கிளம்புங்கள். கடையில் வாங்குவதானால் காசு கொடுப்பதற்கு முன் உங்கள் காரில் வைத்துப் பார்க்க விடச் சொல்லுங்கள். ஆன்லைன் என்றால் திருப்பித் தரும் வசதி உள்ளதாகப் பாருங்கள். காரின் மாடலையும் ஐசோஃபிக்ஸ் வளையம் இருக்கிறதா என்பதையும் எழுதினால், எந்த இடத்தில் எதை வைப்பது என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.